மனையுட் புகும் அச்சமும் காண்போர் தீர்ப்பும்

1. தோற்றுவாய்

கூத்தாயினும் நாடகமாயினும் திரைப்படமாயினும் அது முடியும் இடம் இயற்றியோன் வகுத்த இடம் என்றே பொதுவாகக் கருதுகிறோம். காண்போர் அம்முடிவை ஏற்கலாம், வெறுக்கலாம், ஆயினும் அதனை மாற்றும் உரிமை அவர்க்கில்லை என்பது நம் எண்ணம். 1987ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த ‘ஃபேட்டல் அட்ராக்சன்’ என்னும் திரைப்படத்தின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அப்படம் மக்களுக்கு வெளியிடப்பெறுமுன், சிலருக்குக் காட்டி அவர்தம் கருத்தறிந்து, அதன் முடிவு முற்றிலும் மாற்றப்பெற்றது. தன் கையால் தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பெண், பிறர் கையால் சுட்டுக் கொல்லப்படுபவள் ஆயினாள். தன்னைக் கொன்றவள் பிறரைக் கொல்ல வந்தவளாகவும் ஆக்கப்பட்டாள்.

ஆடவன் ஒருவன் தனித்திருக்கும்பொழுது மயக்கத்திற்கு ஆட்படுதலும், மயக்கியவளே பின்னர் அவன் மனையுட் புகுந்து அச்சுறுத்துதலும் ஆகிய கதைப்பொருளை ஆண்ட திரைப்படங்கள் பல. அவற்றுள் காண்போர் கருத்தின் ஆற்றலை இத்துணைத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்று இன்று என்பது நம் துணிபு. ஆதலின் அதனை நடுவாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் எழுந்த சில படங்களையும் உடன் நோக்கி, மூன்று வினாக்களுக்கு விடை காண முற்படுகின்றோம். காண்போர் கருத்து எனப்பட்டது எவ்வாறு திரட்டப்பெற்றது? அது யாருடைய கருத்து? காலத்தின் முன் அது நிலைத்து நின்றதா?

2. அச்சத்தின் இரு வாயில்கள்

இவ்வகைக் கதையின் இயல்பை உணர நம் பழைய மெய்ப்பாட்டுக் கொள்கை துணைசெய்யும். அமெரிக்கப் படங்களுக்கும் தொல்காப்பியத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு யாதுமில்லை. அளவுகோலாக மட்டுமே அதனை ஈண்டுக் கொள்கின்றோம். மெய்ப்பாட்டியலுள் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைச் சுட்டுவர். வீட்டினுள் அத்துமீறிப் புகுவோரைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் கள்வரால் பிறக்கும் அச்சத்தின்பாற்படும். பூட்டிய கதவு உடைபடுகின்றது. புறத்தே இருந்த பகை அகத்தே நுழைகின்றது. அங்கே குற்றம் யாருடையது என்னும் ஐயம் காண்போர்க்கு எழுவதில்லை.

நாம் ஆராயும் படங்களில் கள்வரோடு அணங்கும் ஒன்றாகின்றது. அணங்கு என்னும் சொல் வருத்தும் தெய்வத்தையும், பேய் முதலியவற்றையும், கண்டார் நெஞ்சை வருத்தும் அழகுடைய பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். காமத்துப்பாலின் முதல் அதிகாரம் தகையணங்குறுத்தல் எனப் பெயர் பெற்றமை யாவரும் அறிந்ததே. மயக்குதலும் அச்சுறுத்துதலும் ஒரு சொல்லின் இரு முகங்களாய் அமைந்திருத்தல் போல, இப்படங்களிலும் ஒருத்தியே இரண்டுமாகின்றாள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கள்வன் கதவை உடைத்து வருவான். இவளுக்கோ உள்ளிருந்தவனே கதவைத் திறக்கின்றான். எனவே குற்றம் யாருடையது என்னும் வினாவுக்கு இடம் பிறக்கின்றது. காண்போர் கருத்து பிளவுபடுவதற்குக் காரணம் இதுவே.

நடிப்போனிடத்து நிகழ்வது காண்போரிடத்துச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் கருத்தும் நம் பழைய உரைகளுள் காணப்படுகின்றது. அது காண்போரைச் சென்றடையும் ஒருவழிப் பயணம். 1987ஆம் ஆண்டின் படத்திலோ, காண்போரிடத்து எழுந்த மெய்ப்பாடு மீண்டும் படைப்பினிடத்துத் திரும்பி வந்து படைப்பையே மாற்றியது. இதுவே அதன் புதுமை.

3. முன்னோடிகள்

1971ஆம் ஆண்டில் கிளிண்ட் ஈஸ்ட்வுட் முதன்முதலாக இயக்கிய ‘பிளே மிஸ்டி ஃபார் மீ’ இவ்வகைக்கு ஒரு தொடக்கமாகக் கொள்ளத்தக்கது. கலிபோர்னியா மாநிலத்துக் கார்மல் என்னும் கடற்கரையூரில் வானொலி அறிவிப்பாளன் ஒருவன் வாழ்கின்றான். ஒரே பாட்டை இசைக்குமாறு நாடோறும் தொலைபேசியில் கேட்கும் பெண் ஒருத்தியோடு ஓரிரவு தங்குகின்றான். அவனுக்கு அது கடந்துபோன ஓரிரவு. அவளுக்கோ அதுவே வாழ்வாகின்றது. அவள் அவன் வீட்டினுள் புகுந்து பொருள்களைச் சிதைக்கின்றாள், கத்தியால் தாக்குகின்றாள், இறுதியில் அவனால் தாக்குண்டு பாறை உச்சியிலிருந்து கடலில் வீழ்ந்து மடிகின்றாள். இக்கதையை முதலில் எழுதியவர் ஜோ ஹெய்ம்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் என்பது குறிப்பிடத்தக்கது. இப்படத்துத் தலைவன் மணமாகாதவன். ஆதலின் மனை என்பது இங்கே அவன் ஒருவனது உறைவிடமே. இல்லறம் சிதையுமோ என்னும் அச்சம் இதன்கண் இல்லை.

அவ்வச்சம் ‘டெத் கேம்’ என்னும் படத்தில் தலைகாட்டுகின்றது. 1974ஆம் ஆண்டில் படமாக்கப்பெற்று 1977ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் பீட்டர் டிரெய்னர். சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் செல்வன் ஒருவன், தன் நாற்பதாம் பிறந்தநாளன்று, மனைவி வெளியூர் சென்றமையால் தனித்திருக்கின்றான். மழையில் நனைந்த இளம்பெண்கள் இருவர் வழி தவறியவராய்க் கதவைத் தட்டுகின்றனர். அவன் இரங்கிக் கதவைத் திறக்கின்றான். இரக்கம் விருந்தோம்பலாகவும், விருந்தோம்பல் மயக்கமாகவும் மாறுகின்றது. பொழுது விடிந்தபின் அப்பெண்கள் வீட்டைவிட்டு நீங்க மறுக்கின்றனர். தாம் வயது நிரம்பாதவர் எனக் கூறி அவனை வெருட்டுகின்றனர். அவனைக் கட்டிவைத்து ஒரு போலி வழக்கு மன்றம் நடத்திச் சாவுத்தண்டனை விதிக்கின்றனர். விடியலில் அவனைக் கொல்லாது விட்டு, நகைத்துக்கொண்டே தெருவில் இறங்கிச் செல்லும் அவர்களை ஊர்தி ஒன்று மோதி வீழ்த்துகின்றது.

இம்முடிவை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆடவன் பிழைக்கின்றான், பெண்டிர் மடிகின்றனர். அவர்களைக் கொல்வது கதையுள் எவருடைய செயலும் அன்று. தற்செயலாக வரும் ஓர் ஊர்தி. கதையின் ஓட்டத்திலிருந்து பிறவாத இத்தண்டனை, காண்போர் மனநிறைவுக்காக ஒட்டவைக்கப்பட்டது போலத் தோன்றுகின்றது. படத்தினுள் பெண்கள் நடத்திய போலி வழக்கு மன்றத்தின் தீர்ப்பு நிறைவேறவில்லை. காண்போருக்காகப் படம் நடத்திய வழக்கு மன்றத்தின் தீர்ப்போ நிறைவேறிவிட்டது. பத்தாண்டு கழித்து வந்த படத்தில் இம்மன்றம் வெளிப்படையாகவே கூடிற்று.

4. குறும்படம் பெரும்படம் ஆதல்

‘ஃபேட்டல் அட்ராக்சன்’ படத்தின் மூலம், ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் டியர்டன் 1980ஆம் ஆண்டில் எழுதி இயக்கிய ‘டைவர்சன்’ என்னும் குறும்படம். மனைவி ஊரில் இல்லாத நாளில் பிறள் ஒருத்தியோடு கூடிய ஒருவன், அச்செயலின் பயனைத் துய்க்க நேர்தலே அதன் கதை. அதில் கொலையில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் அறமே அதன் நடுப்பொருள்.

படத் தயாரிப்பாளர் ஷெர்ரி லான்சிங் இக்குறும்படத்தைக் கண்டு ஈர்க்கப்பட்டார். ஸ்டான்லி ஜாஃபியும் அவரும் இணைந்து தயாரிக்க, ஏட்ரியன் லைன் இயக்க, பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. திரைக்கதையை டியர்டனே விரித்து எழுதினார். விரிக்கும்போது நேர்ந்த மாற்றங்களை அமெரிக்க எழுத்தாளர் சூசன் ஃபலூடி 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பேக்லாஷ்’ என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். லான்சிங் முதற்கண் பரிவு கொண்டது தனித்துவாழும் அப்பெண்ணிடத்தே. ஆயினும் திரைக்கதை திருத்தப்பெறுந்தோறும் ஆடவன்பால் பரிவு மிகவும், பெண்பால் அது குறையவும் நேர்ந்தது என்பது ஃபலூடி தரும் செய்தி.

படத்தின் கதை பலரும் அறிந்ததே. நியூயார்க் நகரத்து வழக்குரைஞன் டான் கல்லகர். அவன் மனைவி பெத். அவர்கட்கு ஒரு சிறு மகள். மனைவியும் மகளும் ஊர்ப்புறம் சென்றிருந்த வார இறுதியில், பதிப்பகம் ஒன்றில் பணிபுரியும் அலெக்ஸ் ஃபாரஸ்ட் என்பாளோடு டான் உறவு கொள்கின்றான். அவன் பிரிய முற்படுகையில் அவள் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கின்றாள். பின்னர்த் தான் கருவுற்றிருப்பதாகக் கூறுகின்றாள். அவன் விலகுந்தோறும் அவள் நெருங்குகின்றாள். மகளின் செல்ல முயலை அடுப்பில் வேகவைத்துச் செல்கின்றாள். மகளையே ஒருநாள் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றுவிடுகின்றாள். அலெக்ஸாக கிளென் குளோசும், டானாக மைக்கேல் டக்ளசும், பெத்தாக ஆன் ஆர்ச்சரும் நடித்தனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இக்கதையில் பிறர் மனையுள் வலிந்து புகுவது அலெக்ஸ் மட்டும் அன்று. டானும் ஒருநாள் அவள் குடியிருப்பின் கதவை மோதித் திறந்து உட்புகுந்து அவள் கழுத்தை நெரிக்கின்றான். ஆயினும் படத்தைப் பற்றிய பேச்சில் முயலும் குளியலறையும் இடம்பெறும் அளவுக்கு இக்காட்சி இடம்பெறுவதில்லை. தனித்து வாழ்பவளின் வீடு மனை என்னும் மதிப்பைப் பெறாமற்போயிற்று போலும். யார் வாழும் வீட்டினுள் புகுந்தால் காண்போர் அஞ்சுவர் என்பதும் காண்போர் கருத்தின் ஒரு பகுதியே.

5. முன்காட்சியும் முடிவு மாற்றமும்

முதலில் படமாக்கப்பெற்ற முடிவு வருமாறு: அலெக்ஸ் தன் குளியலறையில் அமர்ந்து, புச்சினியின் ‘மடாம் பட்டர்ஃபிளை’ இசை ஒலிக்க, கத்தியால் தன்னை மாய்த்துக்கொள்கின்றாள். அக்கத்தியில் டானின் கைரேகை பதிந்திருக்கின்றது. அவள் வீட்டிற்குட் புகுந்த நாளில் அவன் அதனைப் பறித்து வைத்திருந்தான். ஆதலின் கொலைக்குற்றத்தின்பேரில் காவலர் அவனை அழைத்துச் செல்கின்றனர். அலெக்ஸ் தற்கொலை செய்துகொள்வதாகக் கூறிய ஒலிநாடாவைப் பெத் கண்டெடுத்து, அவனை மீட்க விரைகின்றாள். 1904ஆம் ஆண்டில் அரங்கேறிய அவ்விசை நாடகத்தின் தலைவியும் அமெரிக்கப் படைவீரன் ஒருவனால் கைவிடப்பட்டுத் தன்னுயிர் நீத்தவள். அவ்விசையைப் படத்தினுள் இணைத்தவர்கள் அலெக்ஸைக் கைவிடப்பட்டவளாகவே கருதினர் என்பதற்கு இது சான்றாகும்.

படத்தை வெளியிடுமுன் சிலருக்குக் காட்டிக் கருத்தறிதல் அமெரிக்கப் படத்தொழிலில் நெடுநாளைய வழக்கம். காட்சி முடிந்தபின் காண்போர் அட்டைகளில் தம் கருத்தை எழுதித் தருவர். 1942ஆம் ஆண்டில் ஆர்சன் வெல்சு இயக்கிய ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ இம்முறையால் பெரிதும் வெட்டப்பெற்று, இயக்குநர் பிரேசில் நாட்டிலிருந்த காலத்திலேயே வேறொரு முடிவும் பெற்றது. எனவே காண்போர் கருத்தால் முடிவு மாறுதல் 1987ஆம் ஆண்டில் தோன்றிய புதுமையன்று. ஒரு பாத்திரத்தின் சாவு காண்போர் விருப்பத்திற்கேற்ப வேறு வகைச் சாவாக மாற்றப்பெற்றதே புதுமை.

முன்காட்சிகளில் காண்போர் படத்தோடு ஒன்றினர். ஆனால் முடிவில் ஏமாற்றம் அடைந்தனர். பெத் தொலைபேசியில் அலெக்ஸிடம், தன் குடும்பத்தை மீண்டும் அணுகினால் கொன்றுவிடுவதாகக் கூறும் இடத்தில் அரங்கு ஆர்ப்பரித்தது. அவ்வார்ப்பரிப்பே புதிய முடிவுக்கு வித்தாயிற்று. மனைவி கூறியதை மனைவியே நிறைவேற்றுதல் வேண்டும் என முடிவு செய்யப்பெற்றது. ஏறத்தாழ 13 இலட்சம் டாலர் செலவில் இறுதிக்காட்சி மீண்டும் படமாக்கப்பெற்றது. அலெக்ஸ் கத்தியோடு கல்லகர் வீட்டுக் குளியலறையுட் புகுகின்றாள். டான் அவளை நீரில் அமிழ்த்துகின்றான். மடிந்தாள் எனக் கருதப்பட்டவள் மீண்டும் எழுகின்றாள். பெத் துப்பாக்கியால் சுடுகின்றாள். குடும்பத்தார் மூவரும் உள்ள நிழற்படத்தோடு படம் முற்றுப்பெறுகின்றது.

நீரினின்றும் மீண்டெழும் அக்கணத்தில் அலெக்ஸ் மானிடப் பெண் என்னும் நிலையை இழந்து அணங்கு ஆகிவிடுகின்றாள். பேய்க்குச் சாவு ஒருமுறையால் அமைவதில்லை. அதனை இருமுறை கொல்ல வேண்டும். கிளென் குளோஸ் இதனை உணர்ந்தே எதிர்த்தார். பாத்திரத்தை ஏற்குமுன் அவர் உளநோய் மருத்துவர்களிடம் கலந்து பேசி, அவளைச் சிறுபருவத்தே காயமுற்ற ஒரு நோயாளியாகவே உள்ளத்திற் கொண்டிருந்தார். அவள் பிறரைக் கொல்ல வருவாள் என்பது அவர் அறிந்த அலெக்ஸின் இயல்புக்கு மாறானது. இரண்டு வாரம் மறுத்தபின் இறுதியில் உடன்பட்டார். டியர்டனும் மனமின்றியே புதிய காட்சியை எழுதினார்.

6. அரங்கின் ஒலியும் அரங்கின் அமைதியும்

வணிக நோக்கில் தயாரிப்பாளர் துணிவு பழுதுபடவில்லை. ஏறத்தாழ 140 இலட்சம் டாலரில் உருவான அப்படம் எட்டு வாரம் அமெரிக்கத் திரையரங்குகளில் வருவாயில் முதலிடம் பெற்றது. உலகெங்கும் 32 கோடி டாலர் ஈட்டியது. 1987 நவம்பர் 16ஆம் நாளிட்ட ‘டைம்’ இதழின் அட்டையை அப்படம் பெற்றது. ஆசுக்கர் பரிசுக்கு ஆறு பிரிவுகளில் முன்மொழியப்பெற்று ஒன்றும் பெறாமற்போயிற்று.

அரங்குகளில் எழுந்த ஆரவாரமும் செய்தியாயிற்று. அலெக்ஸைக் கொல்லுமாறு திரையை நோக்கிக் கூவினோர் பலர். கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஓசே நகரத்து அரங்கு ஒன்றில் கண்டதை ஃபலூடி தம் நூலிற் பதிவு செய்துள்ளார். ஆடவர் உரத்துக் கூவினர். அரங்கில் ஏறத்தாழப் பாதியாக இருந்த பெண்டிரோ ஒலியெழுப்பாமல் அமர்ந்திருந்தனர். ஆய்வாளர்க்கு இக்குறிப்பு மிகவும் இன்றியமையாதது. கூவியவர் கருத்தை நாம் அறிவோம். அமைதியாக இருந்தவர் கருத்து யாது? உடன்பாடா, அச்சமா, நாணமா, வெறுப்பா? அதனை எந்த அட்டையும் பதிவு செய்யவில்லை. காண்போர் கருத்து எனப் பேசும்போதெல்லாம் ஒலித்தவர் கருத்தையே நாம் பேசுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

திறனாய்வாளரும் ஒருமனப்படவில்லை. ரோஜர் ஈபர்ட், நன்கு வளர்ந்த உளவியல் நாடகம் இறுதியில் கொலையச்சப் படங்களின் தரத்திற்கு இழிந்தது எனக் குறை கூறினார். பாலின் கேல், ஆடவர்க்குப் பெண்ணியவாதியர்மீது உள்ள அச்சத்தை அப்படம் தொட்டது என்று எழுதினார். எயிட்சு நோயின் அச்சம் பரவிய ஆண்டுகள் அவையாதலின், ஓரிரவு உறவின் கேடு பற்றிய எச்சரிக்கையாகவும் சிலர் கண்டனர். தனித்து வாழ்ந்து தொழில் புரியும் பெண்மீது சமுதாயம் தொடுத்த எதிர்த்தாக்குதலின் அடையாளமாக ஃபலூடி கண்டார். ஒரே படம் ஒருவருக்கு இல்லறத்தின் வெற்றியாகவும், மற்றொருவருக்குப் பெண்ணின்மேற் சாற்றிய வழக்காகவும் தோன்றியது.

7. ஒரு தடையும் விடையும்

“காண்போர் மனநிறைவை நாடுதல் எக்காலத்தும் கலைஞர்க்கு இயல்பே, அச்சத்தை எழுப்பியவன் அதனைத் தணித்தலும் வேண்டும், புதிய முடிவின்றேல் அப்படம் இத்துணை மக்களைச் சென்றடைந்திராது” என்பார் உளராயின், அவர் கூற்றில் உண்மையுண்டு. பழைய முடிவில் குறையில்லை என்று நாமும் வாதிடவில்லை. கைரேகையும் ஒலிநாடாவும் துப்பறியும் கதையின் உறுப்புகள். அவை அலெக்ஸின் துயரத்தையும் ஓரளவு மறைத்தே நின்றன. மேலும், முன்காட்சியில் அமர்ந்தோர் பொய் கூறவில்லை. பெத் சீறியபோது அவர் மகிழ்ந்தது மெய்யே. பழியற்ற ஒருத்தியின் இல்லம் காக்கப்பெற வேண்டும் என்னும் விருப்பம் அம்மகிழ்ச்சியினுள் உண்டு. அதனை இழிவென்று தள்ளுதல் முறையன்று.

நாம் கூறுவது வேறு. அரங்கில் அக்கணத்தே எழும் உணர்ச்சி மெய்ப்பாடு; இல்லம் சென்று எண்ணிப்பார்த்துத் தெளிவது கருத்து. முன்காட்சி முறை முதலதை அளந்து, அதற்கு இரண்டாவதன் பெயரைச் சூட்டுகின்றது. அளக்கப்பட்டது ஓரிரவின் உணர்ச்சி; எழுதப்பட்டதோ நிலையான தீர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் ஒரு நோயாளியின் கதை தொலைந்துபோயிற்று. கதவைத் திறந்தவன் யார் என்னும் வினாவும் உடன் தொலைந்தது. பெத்தின் கையில் துப்பாக்கி வந்தபின் டான் செய்ததைப் பற்றி எவரும் கேட்க வேண்டுவதில்லை. நிழற்படத்தில் அவனும் சிரித்துக்கொண்டிருக்கின்றான்.

8. பிற்காலத் தீர்ப்பு

அவ்வோரிரவுத் தீர்ப்பு நிலைக்கவில்லை. முதல் முடிவு ஜப்பான் நாட்டுத் திரையரங்குகளிற் காட்டப்பெற்றது. 2002ஆம் ஆண்டின் குறுந்தகட்டுப் பதிப்பில் யாவரும் காணும்படி இணைக்கப்பெற்றது. இரு முடிவுகளையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது. ஏட்டுச்சுவடிகளின் பாட வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். ஒரு பாடம் பெருவழக்காயிருத்தலால் மட்டும் அது மூலபாடம் ஆகிவிடாது.

கிளென் குளோஸ் தம் குடும்பத்தார்க்கு நேர்ந்த உளநோயை வெளிப்படையாகப் பேசி, அந்நோய் பற்றிய இழிவெண்ணத்தை நீக்கும் அமைப்பொன்றைப் பின்னாளில் நிறுவினார். தாம் மருத்துவரிடம் கேட்ட நாளில் உளக்கோளாறு என்னும் பேச்சே எழவில்லை என்றும், இன்றாயின் அலெக்ஸை வேறு அறிவோடு அணுகியிருப்பதாகவும் கருத்துப்பட உரைத்துள்ளார். 2014ஆம் ஆண்டில் டியர்டன் தம் கதையை மேடை நாடகமாக எழுதினார். டிரெவர் நன் இயக்கத்தில் இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் அது நடைபெற்றது. அதில் தாம் முதலில் எண்ணிய முடிவுக்கு அண்மையில் அவர் மீண்டார். 2023ஆம் ஆண்டில் எட்டுப் பகுதிகளாக வந்த தொடர், அலெக்ஸின் முன்கதைக்கும் அவள் நோக்குக்கும் இடமளித்தது. முப்பத்தாறு ஆண்டு கழிந்தபின், ஓரரங்கில் ஒலியின்றி இருந்தோர் கேட்டிருக்கக்கூடிய வினாக்கள் ஒலிக்கத் தொடங்கின எனலாம்.

9. கதவு மீண்டும் தட்டப்படுதல்

இதற்கிடையே ‘டெத் கேம்’ கதையும் மறுபிறப்பு எய்தியது. ஈலை ராத் இயக்கிய ‘நாக் நாக்’ 2015ஆம் ஆண்டு சனவரியில் சண்டான்சு விழாவிற் காட்டப்பெற்று, அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. பழைய படத்தில் நடித்த சோண்ட்ரா லாக், காலீன் கேம்ப் இருவரும் இதன் தயாரிப்பிற் பங்கு கொண்டனர். தந்தையர் நாள் வார இறுதியில் தனித்திருக்கும் கட்டடக் கலைஞனாகக் கியானு ரீவ்சும், கதவைத் தட்டும் பெண்களாக லொரென்சா இசோவும் அனா டி அர்மாசும் நடித்தனர்.

இப்படத்தின் முடிவு வேறு. ஆடவன் தன் தோட்டத்தில் கழுத்தளவு புதைக்கப்படுகின்றான். அவனுடைய குற்றத்தின் ஒளிப்பதிவு முகநூலில் ஏற்றப்பெற்று அவன் கண்முன் வைக்கப்படுகின்றது. தாம் வயது நிரம்பியவரே எனவும், தம்மை மறுத்த ஆடவர் எவரும் இலர் எனவும் கூறிப் பெண்கள் நகைத்து நீங்குகின்றனர். அவர்களை மோதி வீழ்த்த எந்த ஊர்தியும் வரவில்லை. ஒரு கையை விடுவித்துப் பதிவை அழிக்க முயலும் அவன், தவறிப்போய் அதனை விரும்பியதாகக் குறிக்கும் பொத்தானை அழுத்திவிடுகின்றான். 1977ஆம் ஆண்டில் பெண்கள் நடத்திய போலி மன்றத்தின் இடத்தை இங்கே உலக மக்களின் கண்கள் பிடித்துக்கொண்டன. காண்போரே தண்டனையாகிவிட்டனர்.

படத்தைக் கண்டோர் கருத்தோ இயக்குநர் எதிர்பார்த்தவாறு அமையவில்லை போலும். கட்டுண்ட தலைவன், வீட்டு வாயிலுக்கு இலவசமாக வந்த உணவை எவன் மறுப்பான் எனப் பொருள்படத் தன்னைக் காத்துக் கூவும் காட்சி, அச்சத்திற்கு மாறாக நகைப்பையே விளைத்தது. தனியே துண்டிக்கப்பெற்று எங்கும் பகிரப்பெற்றது. அவன் நடிப்பின் குறையென்றே பலர் நகைத்தனர். அந்நகைப்பினுள் பிறிதொன்றும் உண்டு. முப்பதாண்டுக்கு முன் டான் கல்லகர் தன் செயலுக்குக் காரணம் கூற வேண்டிய நிலையே எழவில்லை. துப்பாக்கி ஒலியில் அது அடங்கிற்று. 2015ஆம் ஆண்டின் தலைவனோ வாய் திறந்து காரணம் கூறுகின்றான். கூறியவுடன் அது காரணமாகாது என்பது விளங்கிவிடுகின்றது. எள்ளல் நகைக்கு நிலைக்களன் என்று மெய்ப்பாட்டியல் கூறும். ஈண்டு எள்ளப்பட்டது அத்தகைய சாக்குப்போக்கே எனக் கொள்ளலாம். ஆயினும் கட்டுண்டு துன்புறும் ஒருவன் பெண்ணாயிருப்பின் இவ்வாறு நகைத்திருப்போமா என்னும் வினாவும் நேர்மையானதே. அதனையும் நாம் எழுப்பியே ஆதல் வேண்டும். ஒலித்தோர் கருத்தை முழுக் கருத்தாகக் கொள்ளும் பிழை நகைப்பிலும் நேரக்கூடும்.

10. முடிவுரை

1971 முதல் 2023 வரை நாம் கண்ட படைப்புகளில் கதை ஏறத்தாழ ஒன்றே. தீர்ப்புகள் வேறு வேறு. கடலில் வீழ்ந்தவள், ஊர்தியால் மடிந்தவர், தன்னைத் தானே மாய்த்தவள், சுடப்பட்டவள், நகைத்து நீங்கியவர் என முடிவுகள் மாறியமைக்குக் கதையினுள் காரணம் தேடுவது போதாது. அவ்வக்காலத்துக் காண்போரையும் உடன் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயுங்கால், கணநேர ஆரவாரத்தையும் எண்ணித் தெளிந்த கருத்தையும் பிரித்து நோக்குதல், ஒலித்தோரோடு ஒலியாதாரையும் கணக்கிற் கொள்ளுதல், முந்திய பாடத்தையும் பிந்திய பாடத்தையும் ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் ஆய்வாளர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாம்.

அணங்கினை அஞ்சுதல் மாந்தர்க்கு இயல்பு. துயருற்ற ஒருத்தியை அணங்காக்கிப் பின் அஞ்சுதல் மாந்தர் செய்துகொள்வது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் பொறுப்பு, படம் எடுப்போர்க்கு மட்டுமன்றி அதனைக் கண்டு தீர்ப்பளிப்போர்க்கும் உரியது.